சொன்னால் கேட்கிறாரா

ஜஸ்டஸ் சாருக்கு வேலை போகப் போகிறது என்று முதலில் தெரிந்தது எனக்குத்தான். அதற்குக் காரணமும் நான்தான் என்பது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் வாங்கி விற்கும் உழவர் கம்பெனி ஒன்று இருக்கிறது. மலை விவசாயிகள் ஏழு பேர் இயக்குநர்கள். போளூர்க்காரரான ஜஸ்டஸ் தலைமை நிர்வாகி. அவர் கத்துவார். காலையில் ஆபீஸைத் திறக்கும்போது பூட்டைப் பார்த்துக் கத்துவார். நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைக் கேட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே அவருக்கு ஒரு லீடர்ஷிப் கோச் ஏற்பாடானார். பெயர் அஜய். பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார். ஆறு மாதப் பயிற்சி.

பயிற்சியால் பலன் உண்டா என்று அளந்து சொல்ல என்னை வைத்தார்கள். முன்னும் பின்னும் இயக்குநர்களிடம் ஒரே கேள்வி, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண். பிறர் பேசும்போது காது கொடுப்பதுதான் தலைமைக்கு அழகு என்பது அஜய்யின் கொள்கை. அவர் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழாக்கியது நான்: "நாங்கள் சொல்வதை அவர் கேட்கிறார்." எவ்வளவு எளிமையான வாக்கியம் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. மதிப்பெண் முன்பைவிடக் குறைந்தால் ஜஸ்டஸின் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம் என்று அறக்கட்டளை நிபந்தனை போட்டிருந்தது. குறையும் என்று யாரும் நினைக்கவில்லை.

முதல்முறை ஏழு பேரும் ஐந்து போட்டார்கள். கத்துகிற மனிதருக்கு ஐந்தா? பயந்துபோய்ப் போட்டிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு எழுதினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆறு மாதம் கழித்து, ஏப்ரலில், கூட்டம் நடக்கும் நாளில் போனேன். ஜஸ்டஸ் சார் ஆளே மாறியிருந்தார். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க" என்றார். கையில் ஒரு நோட்டு. பூட்டைக்கூட மென்மையாகத் திறந்தார். நான் சந்தோஷமாகத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஆறு பேர் ஒன்று போட்டிருந்தார்கள். வேடியப்பன் மட்டும் இரண்டு. ஏன் என்றதற்கு, "டீ வாங்கிக் குடுத்தாரு" என்றார்.

மங்கம்மாளைத் தனியாகப் பிடித்தேன். இயக்குநர்களில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

"இன்னாக்கா, இப்ப நல்லாத்தானே கேக்கறாரு?"

"எங்க கேக்கறாரு? குடோன் கூரை ஒழுவுது, புளி நனையும், தார்ப்பாய் வாங்கியாங்கன்னு மூணு தபா சொல்லிட்டேன். முன்னல்லாம் உனுக்கு வேற வேலை இல்லையான்னு கத்துவாரு. சாயங்கால பஸ்ல தார்ப்பாய் வந்து எறங்கிடும். இப்ப, தார்ப்பாய் இருந்தா உங்களுக்கு எப்டி இருக்கும்னு கேக்கறாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நனையாம இருக்கும்னேன். அதையும் எழுதிக்கினாரு. கேள்வி நல்லாத்தான் கேக்கறாரு மேடம். சொன்னதத்தான் கேக்கமாட்டேங்கறாரு."

அப்போதுதான் உறைத்தது. சொன்னால் கேட்கிற பிள்ளை என்று நம் வீடுகளில் சொல்வது, காது நன்றாகக் கேட்கிற பிள்ளையை அல்ல. நான் அளக்கச் சொன்னது ஒன்று, இவர்கள் அளந்தது வேறு. நடுவில் ஒரு மனிதரின் வேலை.

ஜஸ்டஸ் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வார்த்தைய மாத்திக் கேட்டுடலாம் சார். நாம பேசறப்ப காது குடுக்கறாரான்னு. எல்லாரும் அஞ்சு போட்டுடுவாங்க. அறிக்கை அனுப்ப அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"மாத்தலேன்னா?"

"சராசரி ஒண்ணு சொச்சம்."

அவர் நோட்டை மேசைமேல் வைத்தார். "கத்தாம இருக்கறதுக்கே என் பலமெல்லாம் போயிடுது மெர்சிலின். அதுக்கப்புறம் எங்க வேலை செய்யறது?" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் இவருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்? என் எளிமையான வாக்கியத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

மங்கம்மாள் கதவருகே வந்து நின்றார். "சார், மழை புடிச்சிக்கிச்சு. புளி நனையுது."

ஜஸ்டஸ் பழக்கத்தில் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏம்மா மங்கம்மா, மழை வந்தப்புறம்தான் நாலாவது தபா சொல்லுவியா? அதுவரைக்கும் குந்தினு இருந்தியா?"

பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். சந்தைத் தெருக் கடையிலிருந்து தார்ப்பாயோடு வந்தார். வெள்ளைச் சட்டையோடு குடோன் கூரைமேல் ஏறி, ஏணியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று வேடியப்பனைப் பார்த்துக் கத்தினார். முடிச்சு விழவில்லை என்று கயிற்றைப் பார்த்துக் கத்தினார். ஆறு மாதப் பயிற்சி இருபது நிமிடத்தில் கரைந்தது. கீழே ஓரத்து மூட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மங்கம்மாள், "வந்துட்டாரு" என்றார். தார்ப்பாயோடு வந்ததைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது மங்கம்மாள் ஈரப் புடவையோடு வந்து கையை நீட்டினார்.

"அந்தக் காயிதத்தக் குடு மேடம். வேற போட்டுத் தர்றோம்."

"கேள்விய மாத்தட்டாக்கா?"

"எதுக்கு? கேள்வி சரியாத்தான் இருக்குது."

ஏழு ஐந்துகள். முன்பு ஐந்து, பின்பு ஐந்து. பயிற்சியால் ஏற்பட்ட மாற்றம் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன். ஜஸ்டஸின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

மறுநாள் அஜய் போன் செய்தார். பூஜ்யம் எப்படி வரும், அளவுகோலிலேயே கோளாறு இருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க என்றேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அறிக்கை அப்படியே இருக்கிறது.