கேட்டருகே மூன்று ஊதல்

கிழக்கு ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி ரயில் ஓட்ட வேண்டுமானால், மேற்கே இருக்கும் சொந்தத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபோல்க்மார் எழுதிக் கொடுத்தான். மேற்கே இருந்தது அவனுடைய ஒரே தங்கை ரோஸ்விதா. எஞ்சின் ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல?

ஆனால் வண்டி போனதே அவள் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான். அங்கே ஒரு ரயில்வே கேட் இருந்ததால் ஒருமுறை நீளமாக ஊதுவது கடமை. தங்கைக்காக இன்னும் இரண்டு குட்டி ஊதல் சேர்த்துக்கொள்வான். உயரமான செடிவேலி. அவள் காதில் விழுந்ததா, இன்னும் கோபமா, எதுவும் தெரியாது.

அந்தச் சிவப்பு டீசல் எஞ்சின் அவனுக்கும் இன்னொரு ஓட்டுநரான ஏக்கார்ட்டுக்கும் பொது. ஒரு வாரம் இவன், மறுவாரம் அவன். எப்போதாவது ஒன்றாகப் போன நாளில் ஏக்கார்ட் கேட்டான்:

"கேட்டுக்கு ஒண்ணு போதுமே. எதுக்குய்யா மூணு?"

"எஞ்சினுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

அதற்குமேல் மூச்சு விடவில்லை. ஏக்கார்ட் போட்டுக் கொடுக்கிற ஆள் என்று ஃபோல்க்மாருக்குச் சந்தேகம்.

எல்லை திறந்துவிட்ட குளிர்காலத்தில், 'ஞாயிறு மதியம் வருகிறேன்' என்று தங்கைக்குத் தபால் அட்டை போட்டுவிட்டுத் தன் டிராபன்ட் காரில் கிளம்பினான். கதவைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். புகைபோக்கியில் புகை வந்தது, கதவுதான் திறக்கவில்லை. மன்னிக்கவில்லை போல. பூங்கொத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

அப்போது கொல்லைப்பக்கம் ரயில் சத்தம். ஒரு நீள ஊதல், இரண்டு குட்டி ஊதல். இந்த வாரம் ஓட்டுவது ஏக்கார்ட்.

"டேய் அண்ணா! நிறுத்துடா! வர்றேன்னு எழுதிட்டு நிக்காம போறியே, பாவி!"

ஃபோல்க்மார் ஓடினான். வேலியோரம் ரோஸ்விதா, ஒரு கையில் ஆப்பிள் கேக் தட்டோடு, போகிற ரயிலைத் திட்டித் திட்டி அழுதுகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. அண்ணன் வந்தால் எஞ்சினில்தான் வருவான் என்று இருந்திருக்கிறாள்.

"ஏண்டி, எஞ்சின் இல்லாம வந்தா நான் அண்ணன் இல்லையா?"

திரும்பினாள். தட்டும் கையுமாக அவன்மேல் சாய்ந்தாள்.

"அந்த ஊதல் உனக்குக் கேட்டுதா ரோஸி?"

"கேக்காம? உன்மேல அவ்வளவு கோவம்தான். ஆனா அது கேட்டாத்தான் எனக்குச் சாப்பாடே இறங்கும். இத்தனை வருஷத்துல ஒரு வாரம்கூட விடலியே நீ."

ஒரு வாரம்கூடவா? அவன் ஊதியது பாதி வாரங்கள்தானே.

தண்டவாளத்தையே பார்த்தபடி நின்றான்.

"என்னண்ணா?"

"இந்தக் கேக்குல சரிபாதி கட்டிக் குடும்மா. ஏக்கார்ட்டுன்னு ஒருத்தன். இத்தனை வருஷம் உனக்குப் பாதி அண்ணனா இருந்திருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியுது."