ரொக்கத்துக்கு வண்டி இல்லை

ஜெக்கரியாவுக்கு அன்று காலையிலிருந்தே கோபம். கார் வாங்கப் போகிற மனிதருக்கு என்ன கோபம் என்று மனைவி ஆயிஷா கேட்டாள். அதற்கும் ஒருமுறை கோபப்பட்டுவிட்டு, மகன் ஜாபிரின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நீடூரிலிருந்து மயிலாடுதுறை போய்ச் சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் போன வாரம் நடந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஜெக்கரியா சவூதியில், தம்மாம் நகரத்தில், ஓர் அரபி வீட்டில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவர். அரபியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர், கடைசியில் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். திரும்பி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் ஒருநாளும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். இனித் தொட்டால் சொந்த வண்டியைத்தான் தொடுவது, அதையும் வட்டியில்லாமல்தான் வாங்குவது என்று இரண்டு வைராக்கியம் அவருக்கு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. தவிர, வட்டிக்கு வாங்கி மாடி எழுப்பிவிட்டு, மாடியோடு வீட்டையே விற்றவர்களை அவர் தம் தெருவிலேயே பார்த்திருக்கிறார். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது காரின் முழு விலையும் பாங்கில் இருந்தது. ஆயிஷாவுக்கு முழங்கால் தேய்ந்து பஸ் படி ஏற முடியாமல் போனதும், இனிக் காத்திருக்க வேண்டாம் என்று தீர்மானித்தார்.

போன வாரம் தந்தையும் மகனும் ஷோரூமுக்குப் போய், கியர் இல்லாத வண்டியாக ஒன்றைப் பார்த்தார்கள். ஓட்டிப் பாருங்கள் என்றார் விற்பனையாளர் மணிவண்ணன். ஜெக்கரியா பிஸ்மி சொல்லி, கதவைத் திறந்து, கம்பீரமாக உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. சவூதி வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம். பழக்கத்தில் இங்கேயும் இடப்பக்கம் ஏறிவிட்டார்.

"அது முதலாளி சீட்டு சார். டிரைவர் சீட்டு இந்தப் பக்கம்" என்றார் மணிவண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுற்றிவந்து ஏறினார். கும்பகோணம் சாலையில் திரும்பியதும், கை தன் பாட்டுக்கு வண்டியைச் சாலையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அரபு நாட்டில் அதுதான் போகிற பக்கம். எதிரே அரசுப் பேருந்து வந்தது. மணிவண்ணன் எட்டி ஸ்டியரிங்கை இழுத்ததில் மூவரும் தப்பித்தார்கள். பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டுவிட்டுப் போனார். அதுகூட ஜெக்கரியாவைச் சுடவில்லை. பின் சீட்டிலிருந்து ஜாபிர், "அத்தா, போதும்" என்றானே, அதுதான் சுட்டது. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற குரல் அது.

அந்தச் சூடு ஆறாமல்தான் இன்று மறுபடியும் ஷோரூமில் வந்து உட்கார்ந்திருந்தார்.

மணிவண்ணன் டீ வரவழைத்தார். முழுப் பணத்தையும் இன்றைக்கே கட்டிவிடுவதாகவும், வண்டி என்றைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும் என்றும் ஜெக்கரியா சொன்னார். மணிவண்ணன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, ரொக்கத்துக்கு நாலு மாதம் ஆகும் என்றார். லோன் போட்டால் வெள்ளிக்கிழமையே எடுக்கலாம், தள்ளுபடியும் உண்டு.

ஜெக்கரியாவுக்கு முதலில் புரியவில்லை. கையில் காசு வைத்திருப்பவனுக்கு நாலு மாதம், கடன் வாங்குகிறவனுக்கு நாலு நாள். அப்புறம் புரிந்தது.

"லோன் போட்டா உங்களுக்கு பாங்குக்காரன் பக்கத்துலேர்ந்து ஏதோ வருது. அதானே?"

மணிவண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெக்கரியா கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையை நீட்டினார். முற்றத்தில் அவர் கேட்ட அதே வண்டி, அதே வெள்ளை நிறத்தில் நின்றது.

"வண்டி இல்லைங்கிறீங்க. அது என்ன?"

"அது வேற கஸ்டமருக்கு அலாட் ஆயிடுச்சு சார். லோன் கேஸ்."

"யாரு அந்தக் கஸ்டமர்?"

மணிவண்ணன் ஜாபிரைப் பார்த்தார். ஜாபிர் டீ டம்ளரைப் பார்த்தான்.

பிறகு ஜாபிர் ஒவ்வொன்றாகச் சொன்னான். போன வாரம் வண்டி ஓட்டிப் பார்த்த மறுநாளே தனியாக வந்து தன் பெயரில் லோனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மாதத் தவணை அவன் சம்பளத்தில் போகும். அத்தாவின் பணம் அத்தாவிடமே இருக்கட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும். அம்மாவை எங்கே கூட்டிப்போக வேண்டுமானாலும் அவன் கூட்டிப்போவான். அவனுக்கு வேலை இருக்கிற நாளில் ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

"டிரைவர் வச்சிக்கிறதுக்கு நான் என்ன அரபியாடா?" என்றார் ஜெக்கரியா. குரல் உயரவே இல்லை. அதனால்தான் பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "வண்டி உன் பேர்ல. வட்டி உன் கணக்குல. சாவி?"

"என்கிட்ட இருக்கும். போன வாரம் பார்த்தீங்கள்ல அத்தா? அந்தப் பஸ்ஸு ஒரு அடி தள்ளி வந்திருந்தா நாம மூணு பேரும் இல்லை. அம்மாவை வச்சிக்கிட்டு நீங்க ஓட்டுறதை நான் எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். பயமா இருக்கு, ஓட்டாதீங்கன்னு. வட்டிக்கு வாங்கி, என் வாசல்ல நிறுத்தி, அதுல என்னை உட்கார வச்சுப் பூட்டலாம்னு பார்த்தியே."

ஜாபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெக்கரியா கேட்கவில்லை. மணிவண்ணனிடம் திரும்பி, மகன் பேரில் உள்ளதை ரத்து செய்துவிட்டு, தம் பேரில் ரொக்கத்துக்கு எழுதச் சொன்னார். ரத்து செய்தால் கட்டிய முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்றார் மணிவண்ணன். பிடித்துக்கொள்ளுங்கள், அவனுக்கு நான் கொடுத்துவிடுகிறேன் என்றார் ஜெக்கரியா. நாலு மாதம், சார், என்று மணிவண்ணன் இன்னொரு முறை நினைவூட்டினார்.

"இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் வண்டியத் துடைச்சவன் நான். நாலு மாசம் எனக்கு என்ன?"

ஜாபிர் எழுந்தான். ரத்துக் காகிதத்தில் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு, வண்டி எடுக்கிற அன்றைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வரவேண்டாம் என்று ஜெக்கரியா சொன்னது பைக் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

வீட்டுக்குப் பஸ் பிடிக்கலாம் என்றுதான் நடந்தார். ஆனால் அவன் சொன்ன பஸ் கணக்கு கூடவே வந்தது. ஒரு அடி. அதில் பொய்யில்லை. ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? மகன்மேல் இருந்த கோபத்தோடு தம் கையின்மேலும் கோபம் வந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். யாரைச் சேர்க்க வந்தீர்கள் என்று கேட்டார்கள். என்னைத்தான் என்றார், அடிக்கிறாற்போல.

சொல்லிக்கொடுப்பவள் குந்தவை என்ற நடுத்தர வயதுப் பெண். ஸ்கூல் வண்டியில் ஏறினால், அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. அவள் கால் அதன்மேலேயே இருந்தது.

"காலை எடுங்கம்மா. நான் டிரைவர்தான்."

"எடுக்க மாட்டேன் சார். நீங்க ஓட்டுங்க."

இது கியர் வண்டி. அரபியின் வண்டிகளில் கிளட்ச் என்பதே கிடையாது. மணிக்கூண்டுக்கு முன்னால், நட்டநடுச் சாலையில், வண்டி உதறிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. சட்டைப்பையில் போன் அடித்தது, ஜாபிராக இருக்கும். எடுக்கவில்லை.

"அடிக்கிறவங்க அடிக்கட்டும். கிளட்சை மிதிங்க சார்" என்றாள் குந்தவை.

மிதித்தார். தம்மாம் அரபி, மணிவண்ணன், பெற்ற மகன் எல்லோரும் அதற்கடியில் இருப்பதுபோல் மிதித்தார்.

"மெதுவா சார்," என்றாள் அவள். "வண்டி உங்களை என்ன பண்ணுச்சு?"