பப்படத்துக்குக் கஞ்சி

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியிலேயே எங்கள் வீட்டு மானம் கப்பலேறிவிட்டது. "ஆரா இதினு ஆகாரம் கொடுக்குன்னது?" என்றார். நாய்க்குச் சோறு வைப்பது யார் என்று மலையாளத்தில் கேட்கிறார். "நாந்தான்" என்றேன். அதே நேரத்தில் என் பக்கத்தில் நின்ற மனிதரும் "நாந்தான்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேசைமேல் கண் செருகிக் கிடந்த எங்கள் நாய் பப்படத்தைப் பார்த்தார். அவர் கோட்டில் தன்யா என்று பெயர் எழுதியிருந்தது. வயது முப்பதுகூட இருக்காது. ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். காலை ஏழு மணிக்கு மீன் குழம்பு ஊற்றிய சோறு, சாயங்காலம் நான் சுக்குக் கிடங்கிலிருந்து வந்ததும் மறுபடி சோறு என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டிக்குப் போகும் முன் பாலில் நனைத்த ரொட்டி, மத்தியானம் திரும்பும்போது சாயாக்கடையில் மிஞ்சிய பொறோட்டாவும் இறைச்சிச் சாறும் என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். அவருக்கும் அப்போதுதான் தெரியும். மூன்று நாள் வாந்தியும் பேதியும் எங்கிருந்து வந்தன என்று டாக்டரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "நிங்கள் ஒரே வீட்டிலல்லே தாமசம்?" என்று கேட்டார்.

ஒரே வீடுதான். கொச்சங்காடியில் பழைய கிடங்கு ஒன்றின் பின்சுவரை ஒட்டி ஒரு அறை, ஒரு அடுக்களை. ஒருவர் தும்மினால் மற்றவருக்குச் சளி பிடிக்கும், அவ்வளவு பெரிய அரண்மனை. அதற்குள் இரண்டு வருஷமாக நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். பேச வேண்டியதையெல்லாம் பப்படத்திடம் சொல்லிவிடுவோம். "பப்படம், ஒங்கப்பாட்ட சொல்லு, கேஸு தீந்துபோச்சு." "பப்படம், ஒங்கம்மாட்ட சொல்லு, நாளைக்குத்தான் வருமாம்." அது நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கேட்கும். அடுத்த வீட்டு பிந்து, இந்த நாய் பத்தாம் கிளாஸ் பரீட்சை எழுதினால் தமிழில் பாஸாகிவிடும் என்பாள்.

டாக்டரம்மா ஒரு ஊசி போட்டார். பப்படத்தின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். இந்த நிறம் வெளுத்தால், ரத்தமாகப் போனால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் மருந்தைவிடப் பத்தியம்தான் முக்கியம். சாயங்காலம் வரை வயிற்றைக் காயப்போடுங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு உப்பில்லாமல் குழைய வைத்த கஞ்சி, நாலு கரண்டி. அது தங்கினால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நாலு. நாளையிலிருந்து தோலெடுத்த கோழியும் பரங்கிக்காயும் வேகவைத்துப் பிசைந்து கஞ்சியில் சேருங்கள். பால் கூடாது, மசாலா கூடாது, வெங்காயம் கூடவே கூடாது. மலம் கெட்டியான பிறகு பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஒரே ஆள் கொடுத்தால் போதும். இதைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் முகம் போன போக்கைக் கண்டு சிரித்து, "பேடிக்கண்டா, நாளெ ராவிலெ நோக்காம்" என்றார். பயப்படாதே, காலையில் பார்க்கலாம் என்று அர்த்தம். 

காலையில் பார்க்கலாம் என்று நானும் ஒரு நாள் சொன்னேன், என் மகள் கங்காவுக்கு.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். கண்ட கடையில் கண்டதைத் தின்றிருப்பாய் என்று திட்டினேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன், ராத்திரி கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதியை வாந்தியெடுத்தாள். அவர்தான், "ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?" என்று கேட்டார். "சின்ன வயித்து வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, காலையில பாத்துக்கலாம்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். காலையில் நான் கண் விழித்தபோது அவர் டியூட்டிக்குப் போயிருந்தார், கங்கா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கஞ்சி கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு எழுப்பாமல் விட்டேன். பத்து மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. குடல்வால் எப்போதோ வெடித்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அன்றைக்கே கேட்டேனே, நீதானே வேண்டாமென்றாய் என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். முப்பதாம் நாள் சொல்வார் என்று நினைத்தேன், வருஷம் திரும்பும்போது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பாலையா என்று பெயர், கார்ப்பரேஷனில் சுகாதார வேலை. பிறவியிலேயே வாய் செத்தவர்தான், ஆனால் இது அந்த மௌனமில்லை. என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சொல்லாமலே கொல்கிற மனுஷன் என்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு வெறுப்பு. கங்கா போய் ஆறு மாதம் கழித்து, பிராட்வே கடைத்தெருவில் குப்பை அள்ளும்போது கிடைத்ததாக ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். காது இரண்டும் பொரித்த பப்படம்போல நெளிந்திருந்தன. அதைத் தரையில் விட்டு, "ஒங்கம்மாட்ட போ" என்றார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சொல் அது.

இது போய்விட்டால் எங்களுக்குள் சொல் என்று ஒன்று இருக்காது. மிருகாஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வயிற்றைக் காயப்போடு என்று டாக்டர் சொல்வது சுலபம். ஊசி கொஞ்சம் கேட்டதும் பப்படம் எழுந்து தள்ளாடி வந்து காலியான தட்டின் முன் உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். பிந்து அரைவேக்காட்டு அயிலை மீன் தலைகளோடு வந்து, "பாவம் சேச்சி, ஒண்ணு கொடுத்தா என்னா?" என்றாள். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மத்தியானம் மறுபடி வெறும் மஞ்சள் தண்ணீராக வாந்தியெடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. என்னால் இருக்க முடியவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து, "பப்படம், ஒங்கப்பாட்ட சொல்லு, வைட்டிலாப் பக்கம் பெரிய நாய் ஆஸ்பத்திரி இருக்காம், இப்பவே போலாம்னு" என்றேன். அவரும் மறுபக்கம் குனிந்தார். "ஈறு செவப்பாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் டாக்டர் சொன்னபடி செய்வோம்னு சொல்லு" என்றார். நடுவில் அந்த ஜீவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நாய் படாத பாடு என்பார்கள், இந்த நாய் எங்களால் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஐந்து மணிக்கு அரிசியைக் களைந்து பானையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க நின்றேன். கை வரவில்லை. கங்காவுக்குப் பிறகு இந்த வீட்டில் கஞ்சி வைத்ததில்லை. போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ரொட்டியும் பாலில்லாத கட்டன்சாயாவும்தான் கொடுத்தேன், அவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவர் வந்து என் கையிலிருந்து லைட்டரை வாங்கிக்கொண்டார். வெந்நீர் போடத் தெரியாத மனுஷன் அரைமணி நேரம் நின்று கிளறினார். அடியில் பிடிக்க வைத்து, மேலாக வழித்து, கரண்டியால் மசித்து, விரலால் சூடு பார்த்து ஆற்றி, நாலு கரண்டி வைத்தார். பப்படம் நக்கியது. நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை. ஏழரைக்கு இன்னொரு நாலு கரண்டி. அதுவும் தங்கியது. பலநாள் கழித்து எனக்குத் தலையணையில் தலை வைத்ததும் தூக்கம் வந்தது.

"வள்ளி."

விடியற்காலை. அவர் சட்டை போட்டு டியூட்டிக்குப் புறப்பட்டிருந்தார். அமுதவள்ளி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது அவர் ஒருவர்தான். அதைக் கேட்டு இரண்டு வருஷமாகியிருந்தது.

"எந்திரி. ஆட்டோ கூப்புடணும். அசையாமக் கெடக்கு."

பதறி எழுந்து விளக்கைப் போட்டேன். பப்படம் வாசற்படியருகே ஒருக்களித்துப் படுத்திருந்தது. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு நல்ல சிவப்பு. தூக்கத்தில் என் விரலை நக்கியது.

"தூங்குதுங்க. நல்லாத்தானே இருக்கு" என்றேன். நானும் நேராகப் பேசியதை அப்போது கவனிக்கவில்லை.

"ராத்திரி முழுக்க ஒரு மொனகல் இல்ல. நேத்து அந்த மொனகு மொனகிச்சு."

"வலி நின்னிருக்கும்."

"வலி நின்னா நல்லதுன்னு நம்பாத" என்றார்.  "வலி நின்னா நல்லதில்ல வள்ளி."

என்ன உளறுகிறார் என்று பார்த்தேன். நின்றபடியே சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நாலு மணிக்கு நான் கெளம்பையில கங்கா முழிச்சிருந்தா. எப்பிடிம்மா இருக்குன்னு கேட்டேன். வலி இல்லப்பா, நின்னுபோச்சுன்னா. ஒன் கஞ்சி கேட்டுருச்சுன்னு நெனச்சேன். சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டேன். பெறகு அந்த டாக்டர் சொன்னாரு, வெடிக்கையில கொஞ்ச நேரம் வலி நிக்குமாம். அந்நேரம் தூக்கிட்டு வந்திருந்தாக்கூட பாத்திருக்கலாம்னாரு. ஒன்ட்ட சொல்லல, என்ட்டத்தான் சொன்னாரு."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இரண்டு வருஷமாக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னைப் பார்க்கப் பிடிக்காமல் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கப் பயந்துதான் திருப்பியிருக்கிறார்.

"நான்தான் அவளக் கொன்னேன்னு நெனச்சு நான் செத்துக்கிட்டிருந்தது ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா" என்றார்.  வேறு சமாதானம் ஏதாவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

எங்கள் சத்தத்தில் பப்படம் எழுந்துவிட்டது. முன்காலை நீட்டி முறுக்கிச் சோம்பல் முறித்தது. வெளியே போய்ச் சாக்கடையோரம் முதுகை வளைத்து உட்கார்ந்துவிட்டு வந்தது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்து, "கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு" என்று வாசலில் நின்று சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் கண்ணீர். அதே அரிசி, அதே அடுப்பு, அதே காலையில் பார்க்கலாம். நாய்க்குப் போதுமாக இருந்தது. என் பிள்ளைக்குப் போதவில்லை. அந்த நேரத்தில் அந்த நாயின்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்.

அது அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதற்கு என்ன தெரியும். பானையைக் கழுவி அரிசி போட்டேன். அடுப்பை நானே பற்றவைத்தேன். அவர் டியூட்டிக்குப் போகவில்லை, நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொதித்து நுரை ஏறத் தொடங்கியது. எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் கண் விழித்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது அவளுக்குப் பேச்சில்லை. கடைசியாகத் தெளிந்து பேசியது இவரிடம். அந்தப் பேச்சை இரண்டு வருஷமாக இவர் தனியாக வைத்திருக்கிறார்.

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன். திரும்பவில்லை, கிளறிக்கொண்டே கேட்டேன்.

"தண்ணி கேட்டா. குடுத்தேன்."

"பெறகு?"

 அகப்பையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அம்மாவ எழுப்பட்டான்னு கேட்டேன். வேணாம்ப்பா, இப்பத்தான் கண்ணசந்தா, பாவம், தூங்கட்டும்னா."

கஞ்சியை இறக்கினேன். அகலத் தட்டில் ஊற்றி விசிறினேன். டாக்டரம்மா சொன்ன நாலு கரண்டிதான் ஊற்றினேனா, கூட ஊற்றினேனா தெரியவில்லை. தட்டைத் தரையில் வைத்து நானும் உட்கார்ந்ததும் பப்படம் தலையைக் கவிழ்த்து நக்கத் தொடங்கியது. நக்க நக்கத் தட்டு நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் கரகரவென்று உராய்ந்து அவருக்கும் எனக்கும் நடுவே போய், கதவைத் தாண்டி, முன்பு கங்காவின் கட்டில் கிடந்த மூலைச் சுவரில் முட்டி நின்றது. அதற்கப்புறம் போக இடமில்லை. பப்படம் அங்கேயே நின்று காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. இழுத்து எடுக்க நாங்கள் இருவருமே எழுந்திருக்கவில்லை.