எல்லாவற்றையும் நூறுக்கு ஏற்றினேன்

அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவளிடம் கத்திக் கத்தியே சீட்டுக் கிழிக்கும் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். மில்லுக்கு மட்டும் தாள் வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவள். அந்த இரைச்சலை விட்டுப் பேக்கிங் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால், மில் சொல்லும் மையத்தில், மில் சொல்லும் தேதிக்குள் காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றுதான் மனுக் கொடுத்தோம். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

அந்த மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் இது.

வியாழக்கிழமை மாலை, பரிசோதனை அறைக் கணினியின் மதர்போர்டு செத்தது. மேலாளர் கடையிலிருந்து வேறு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டு சார். நாற்காலி உடைந்தால் ஒட்டு, கதவு உடைந்தால் ஒட்டு.

"போர்டு மட்டும் மாத்தினா போதும்ல? டிஸ்க்கு பழசே இருக்கட்டும்."

"லினக்ஸ் பழசு சார். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தினது. புது போர்டை அதுக்கு அடையாளமே தெரியாது."

"ஏம்மா, இதுக்குத்தானே படிச்ச?"

கணினியை இயக்கும் அந்தப் பழைய லினக்ஸைத் தூக்கிப் போடவும் வழியில்லை. காதுப் பரிசோதனை மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். எழுதிக் கொடுத்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது.

வெள்ளி காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, புதுப் பலகையைப் பொருத்தினேன். கணினி எழுந்தது. ஆனால் நெட்வொர்க் இல்லை, சவுண்டும் இல்லை. செவிடாகவும் ஊமையாகவும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

எந்தச் சிப் என்று கேட்டால் எண்ணை மட்டும் சொன்னது. அந்தச் சிப்பைப் பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக அந்த டிரைவர் வேண்டும். பட்டதாரி வேலை கேட்டால் அனுபவம் இருக்கிறதா என்பார்களே, அதே கதை.

வரவேற்பறைக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, தாழ்வாரம் முழுக்க நடந்து வந்து செருகினேன். அதை நிறுவ இன்னொரு கோப்பு கேட்டது. மறுபடி நடந்தேன். அந்தக் கோப்பு இன்னும் இரண்டைக் கேட்டது. பழைய பதிப்பு என்பதால் எல்லாவற்றையும் இணையத்தில் எங்கேயோ ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். ஏழாவது நடையில் வரவேற்பறைப் பெண் சொன்னாள், "எடை குறையணும்னா சொல்லு, பார்க்குக்குச் சேர்ந்து போலாம்."

சிரிக்கவில்லை நான். டிரைவர் புதிது, லினக்ஸ் பழசு. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாமல் திரை நிறையப் பிழைகளைக் கக்கியது. அதே டிரைவரின் ஐந்து வருடப் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தேன். பிழை வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது.

மிச்சம் சவுண்டு. சிப்பின் ரகம் இன்னது என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி மறுபடி துவக்கினால், சவுண்டு கார்டு பட்டியலில் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. திரையில் ஒலியளவுப் பலகையைத் திறந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு கம்பத்தையும் நூறுக்கு ஏற்றினேன். அப்போதும் வரவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அசடு மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பரிசோதகர் அக்கா கதவைத் தட்டினாள். "உங்கம்மா வந்தாச்சு. மூணு மணிக்கு அவங்க, அப்புறம் இன்னும் ரெண்டு பேரு. ஆகுமா ஆகாதா, ஒத்த வார்த்தை சொல்லு."

"ஆகும்க்கா."

ஒரு கம்பத்தின் அடியில் மட்டும் மியூட், அதாவது வாயைக் கட்டியதற்கான குறி இருந்தது. ஒரே ஒரு விசை. அழுத்தினேன். பீப் என்று காதைப் பிளந்தது. அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. எழுந்து கதவைத் திறந்தேன். கம்பங்கள் நூறிலேயே நின்றன.

அம்மா வெளியே பெஞ்சில், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "என்னடி செய்யணும்?"

"பீப்னு கேட்டா விரலத் தூக்கு. கேக்கலன்னா சும்மா இரு. எல்லாத்துக்கும் தூக்கி வைக்காத. இதுல ஃபெயிலானாத்தான் நமக்கு நல்லது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மையச் சொன்னாலே ஃபெயில்தாம்மா நீ."

என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விரல் உயர்ந்தது. மறுபடி உயர்ந்தது. அக்கா சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள், அம்மா விரலை உயர்த்திக்கொண்டே இருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. யாரிடமும் தோற்கத் தெரியாதவள், இங்கேயும் வீம்புக்குத் தூக்குகிறாள் என்று நினைத்தேன். பெற்ற தாயைச் சந்தேகப்பட்டேனே தவிர என் வேலையைச் சந்தேகப்படவில்லை.

முடிந்ததும் அக்கா பொத்தானை அழுத்தினாள். மில்லுக்கான அறிக்கை தானாகவே மில்லுக்குப் போய்விடும். நெட்வொர்க்தான் நன்றாக வேலை செய்ததே.

'லேசான இழப்பு. தற்போதைய பிரிவிலேயே பணியைத் தொடரலாம்.'

"நல்ல விஷயம்தானே, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அக்கா. அடுத்து வந்த இரண்டு பேரும் அம்மா மாதிரியே விரலைத் தூக்கினார்கள். "இன்னைக்கு எல்லார் காதும் ஜோரா இருக்கு."

ஐந்து மணிக்குப் பெட்டியை மூடத் தகட்டை எடுத்தேன். சுவர்ப் பக்கமாக இருந்த அதன் உட்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அளவுமானியோடு வந்து சத்தத்தைச் சரிபார்க்கும் ஆள் எழுதியது: 'ஒலியளவு 62. கை வைக்காதே.'

புதுப் பலகையில் அறுபத்திரண்டு சரியாக இருக்குமோ என்னவோ, நூறு நிச்சயம் தப்பு. மெல்லிய சத்தம் என்று திரை சொன்னபோதெல்லாம் அம்மாவின் காதில் விழுந்தது கத்தல்.

தகட்டைக் கையில் பிடித்தபடியே ஒட்டு சாரிடம் போனேன். முழுக்கச் சொன்னேன்.

"அந்த ரெண்டு பேரு மில்லுக்காரங்க இல்ல, அளவு சரி பண்ணிட்டுத் திரும்பக் கூப்டுக்கலாம்," என்றார். "உங்கம்மாவோடது போயாச்சு."

"நீங்க மில்லுக்கு ஒரு கடிதாசி எழுதுங்க சார்."

"என்னன்னு? மெஷின்ல கை வச்சது யாரு, நீ. காது யாரோடது, உங்கம்மாவோடது. மகளே அளவ மாத்திட்டு, அது ஒத்து வரலன்னதும் மெஷின் தப்புன்னு சொல்றான்னுதான் படிப்பான்."

"உண்மை அதுதானே சார்."

"கேக்கறதுக்கு அப்படியா இருக்கு?"

இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நானே மில் அதிகாரியாக இருந்தாலும் நம்ப மாட்டேன். இருந்தாலும் என் பெயரில் எழுதினேன். என் தவறு, தகடு, சீட்டு, அறுபத்திரண்டு, நூறு என்று எதையும் மறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளாகத் தொடாத ரேடியோ.

"பேக்கிங் இல்லன்னா போகுதுடி. காது நல்லா இருக்காமே, அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீ சரி பண்ணின மெஷினுல எவ்வளவு தெளிவா இருந்துச்சு தெரியுமா? இந்த ரேடியோதான் கெட்டுப்போச்சு, நூறு பேரு வாய்க்குள்ளயே பேசறாப்ல இருக்கு. இதையும் கொஞ்சம் பாரேன்."

ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை. அடுத்த வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்து, என் வாய் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அப்ப எனக்குக் கேக்கலையா?"

"இல்லம்மா."

என்னைத் திட்டியிருக்கலாம். ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தாள். அணைந்ததா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

"திங்கக்கிழமை காலை ஷிப்ட்டு," என்றாள். "அலாரம் வச்சு, நீ எந்திரிச்சு என்னத் தொட்டு எழுப்பு."