சீனியில்லாச் சர்பத்

ஸீனத்தின் இடக்கால் பெருவிரலுக்கு நான் கொடுத்த விலை, போத்தலுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபா. பேரம் பேசவில்லை.

கொட்டாஞ்சேனையில் துணிக்கடை வைத்து, மீற்றருக்கு ஐந்து ரூபா குறைக்க அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுகிறவன் நான். ஆனால் மனைவி ஸீனத்துக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சர்பத் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. வெள்ளவத்தையில் சர்பத் விற்கிற ஜவாத், "சீனி ஒரு மணி இல்ல நானா, வருத்தக்காரருக்கெண்டே செய்யிற" என்றான். பெண்சாதியின் உயிருக்கு விலை குறைத்துக் கேட்பதா என்று வெட்கப்பட்டு, கேட்டதைக் கொடுத்தேன். பதினான்கு மாதம் கொடுத்தேன்.

விரல் கறுத்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். வீட்டில் என்ன சாப்பாடு என்று டாக்டர் கேட்க, சீனி டப்பாவையே துரத்திவிட்டோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். அவர் மாத்திரையைக் கூட்டினார். இப்படியே போனால் பாதமும் போகும் என்றார்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பல்கனியில் ஒரு தேனீ விழுந்து கிடந்தது. மகள் ஆதிபா கம்பஸில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவள்.

"மௌத்தாகல்ல வாப்பா, பெற்றோல் முடிஞ்சிட்டு. சீனி எரிச்சித்தான் பறக்கும். கொஞ்சம் சீனி தாங்க."

"இந்த வீட்டிலயா? கொழுப்பு எண்டா என்ட வயித்தில ஈக்கி, எடுத்துக் குடு."

"அது வெட்டுக்கிளிக்குச் சரி. சீனி முடியக் கொழுப்ப எரிச்சிக் கடலயும் தாண்டும். தேனீக்கு அந்த வசதி இல்ல."

"அப்ப உம்மாட சர்பத்த ஊத்து."

"அதில இனிப்பு மட்டும்தானே வாப்பா, எரிய ஒண்டுமில்ல. குடிச்சாலும் எழும்பாது."

சொல்லிக்கொண்டே கரண்டியில் ஒரு துளி சர்பத் விட்டாள். தேனீ நாக்கை நீட்டியது. குடித்தது. வயிறு துடித்தது, சிறகு நடுங்கியது. இரண்டு நிமிஷம் போயிருக்கும். எழும்பி, ரயில் பாதைக்கு மேலால் போய்விட்டது.

ஆதிபா வெறும் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்த ஸீனத்தான் முதலில் சிரித்தாள்.

"முப்பது வருஷத்தில எனக்கெண்டு இது ஒண்டத்தான் பேரம் பேசாம வாங்கினீங்க."

போத்தலைக் கொண்டுபோய் ஜவாத்தின் மேசையில் வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் லேபிளைத் துடைத்தான்.

"விலையையே கேக்காத மனிசன், உள்ளுக்கு என்ன ஈக்கிண்டு கேக்கவா போறார் எண்டு நெனச்சன் நானா."

நான்தான் படிப்பித்துக் கொடுத்திருக்கிறேன்.

தேனீ எடுத்தது ஒரு துளி, அதையும் எரித்துவிட்டது, கணக்கு நேர். ஸீனத் எடுத்தது நாளுக்கு இரண்டு கிளாஸ், பதினான்கு மாதம். எரிந்தது கொஞ்சம், தேங்கியது மிச்சம். கால்விரல் பத்தில் ஒன்று கழிந்து, இன்றைய இருப்பு ஒன்பது.