உமி மேட்டு வார்த்தைகள்

"இம்புட்டு வார்த்தைய வச்சுக்கிட்டு நீ என்னடி பண்ணப்போறே?"

முஸ்கான் இப்படிக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. பல்கீஸ் இன்னும் பதில் சொன்னபாடில்லை. ஆனால் புதுவயல் மில்களில் நெல் அவியத் தொடங்கி அந்த வாடை தெருவுக்குள் நுழையும்போதெல்லாம், கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அன்று முஸ்கான் பல்கீஸ் வீட்டுக்கு இரவலாக ஒரு படி அரிசி எடுக்க வந்தவள். டிரம்முக்குள் கையை விட்டவளுக்குப் படியோடு சேர்ந்து ஒரு நோட்டும் அகப்பட்டது. பழைய சமூக அறிவியல் நோட்டு. முதல் இருபது பக்கம் பத்தாம் வகுப்புப் பாடம், அத்தோடு பல்கீஸின் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அத்தா சாதிக் அலி மில்லில் மூட்டை அடுக்கிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ள, அம்மா வேலைக்குப் போனார். பல்கீஸ் வீட்டோடு நின்று, சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்தாள். யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். வாயால் பேசாமல் விட்டதெல்லாம் நோட்டில் ஏறியது.

இருபத்தோராவது பக்கத்திலிருந்து முஸ்கானின் வார்த்தைகள். முஸ்கான் அடுத்த வீட்டு மருமகள். புருஷன் சுஹைல் லண்டன் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தான். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கும் வேலை இருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் நடுத்தர நிலை தேறினால்தான் விசா. சனிக்கிழமைதோறும் காரைக்குடியில் கோச்சிங் போவாள், ஐம்பது வார்த்தை அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளை பல்கீஸிடம் நீட்டி, "கேளுடி" என்பாள். தாள் திரும்பிப் போவதற்குள் பல்கீஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பாள். அர்த்தம் மட்டும் அவளுடையது.

"எக்ஸாஸ்டட்," முஸ்கான் நோட்டைப் பிரித்து வாசித்தாள். "லோடு இறக்கிவிட்டு, வாங்கின டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் மாயக்கண்ணன் அண்ணன்."

அடுத்த வரிக்கு வந்ததும் நின்றாள். "ரிலக்டண்ட். பர்வீன் மாமி மனசே இல்லாமல் இடியாப்ப உரலை இரவல் கொடுக்கும்போது பார்க்க வேண்டும்."

பர்வீன் பானு முஸ்கானின் மாமியார். முஸ்கான் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பல்கீஸ் நோட்டைப் பிடுங்கினாள்.

"மாமிகிட்டச் சொல்லிராதே."

"சொல்லல. ஆனா இனிமே இதுலதான் படிப்பேன். சார் சொல்ற அர்த்தம் பஸ்ஸு ஏறுறதுக்குள்ள எறங்கிப்போயிருது."

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மில்லுக்குப் பின்னால் உமி மேட்டில் உட்கார்ந்தார்கள். எழுந்தால் பாவாடையெல்லாம் உமி. பல்கீஸ் ஒரு சட்டம் போட்டாள்: வார்த்தை மறந்துபோனால், அது நினைவுக்கு வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. பல்கீஸுக்கு அது ஒரு தண்டனையே இல்லை. முஸ்கானுக்குத்தான் உயிர் போகும். ஒருநாள் வீட்டுக்குப் போயும் வார்த்தை வரவில்லை. மாமியார் கேட்டதற்கெல்லாம் கையை ஆட்டினாள்.

"ஏத்தா, பல்லு வலியா?" என்று பர்வீன் பானு கிராம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "காலைல நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தே."

முதல் பரீட்சையில் முஸ்கான் தோற்றாள். வீட்டுக்குப் பக்கத்தில் பிடித்த இடம் எது என்று கேட்டிருக்கிறார்கள். கோச்சிங்கில் உருப்போட்டதை அப்படியே ஒப்பித்தாள்: பூங்கா, நீரூற்று, ரோஜாச் செடிகள். அங்கே யார் யார் வருவார்கள் என்று அடுத்த கேள்வி வந்ததும் வாய் அடைத்துவிட்டது.

"புதுவயல்ல ஏதுடி பார்க்கு?" என்றாள் பல்கீஸ்.

முஸ்கான் அழுதாள். பல்கீஸுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அடுத்த பரீட்சை வரை, இன்னும் நாலு மாதம் இவள் இங்கேதான். அதை நோட்டில் எழுதினாள். எழுதிய பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

இரண்டாம் பரீட்சைக்கு முந்தின நாள், உமி மேட்டில் முஸ்கான் கேட்டாள். "அதே கேள்வி வந்தா என்ன செய்ய? பார்க்கையே இன்னும் நல்லா உருப்போட்டுச் சொல்லிறவா? நீ சொன்னாச் சரி."

பல்கீஸின் விரல்களில் குஞ்சத்து நூல் அப்படியே நின்றது. பார்க் என்றால் இவள் மறுபடியும் தோற்பாள். மறுபடியும் நாலு மாதம். தலையை ஆட்டினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தூரத்தில் ஒரு லாரி மில்லுக்குள் திரும்பி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த உமி மேட்டச் சொல்லு," என்றாள். "இங்க யாரு உக்காருவா, என்ன பேசுவான்னு எதைக் கேட்டாலும் உனக்குத் தெரியும்."

மதுரையில் பரீட்சை முடித்து வந்தவள் நேராகப் பல்கீஸ் வீட்டுக்குத்தான் வந்தாள். "கேட்டாகடி, அதேதான் கேட்டாக. உமி மேட்டச் சொன்னேன். கூட யாரு வருவான்னாக. அங்கிட்டிருந்து பூராவும் நீதான். மாமியோட உரலு வரைக்கும் சொல்லிட்டேன். கேள்வி கேட்ட அந்தம்மா சிரிச்சிருச்சு."

தேறிவிட்டாள். இரண்டு மாதத்தில் விசா வந்தது.

புறப்படும் காலையில் வீட்டு வாசலில் கார் நின்றது. தெருவே கூடியிருந்தது. பர்வீன் பானு இடியாப்ப உரலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "பத்திரமா வச்சுக்க. அங்குட்டு இது கிடைக்காது," என்றார். கை பெட்டியின் மேலேயே இருந்தது.

முஸ்கான் ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வாரேன்" சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் பல்கீஸ். இத்தனை பேர் முன்னால் பல்கீஸ் அதுவரை வாய் திறந்ததில்லை. மாமியின் கையைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ரிலக்டண்ட்?"

முஸ்கானின் கண்ணும் பெட்டியின் மேலிருந்த கைக்குத்தான் போனது. சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே இறுக்கிக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினாள். உமி மேட்டுச் சட்டப்படி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ," என்றார் பர்வீன் பானு.

முஸ்கான் கையை எடுக்கவில்லை. வாயைப் பொத்தியபடியே காரில் ஏறினாள்.