சிவப்புப் புள்ளி வைத்த இணைப்பு

மதியம் ஒன்றரை மணிக்குள் மகள், அம்மாவின் கித்தார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் எல்லாக் கண்ணாடி வால்வுகளையும் மாற்றிப் பார்த்துவிட்டாள். ஆம்ப் சாதுவாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். நேற்று ஒத்திகையில் எல்லார் முன்னாலும் படபடவென்று பொரிந்து, பாட்டைப் பாதியில் நிறுத்தவைத்த பெட்டி, வீட்டுக்கு வந்ததும் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் பிறப்பதற்கு முன்பே அம்மா வாங்கிய ஆம்ப் அது. அதனால் வீட்டில் அதற்கு அண்ணன் என்று பெயர்.

"உங்கண்ணன் என்ன சொல்றான்?" கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்.

"வாயே திறக்க மாட்டேங்கிறான். கல்லுளிமங்கன்."

"வயசாயிடுச்சுடி அவனுக்கு. விட்டுடு. நான் இடிக்கு போன் பண்ணி, இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்."

இடி என்பது அம்மாவின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவர். ஆறு மணிக்கு மேடை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு அம்மா ஏறவேண்டிய முதல் மேடை. எலும்பு கூடிவிட்டது, தாராளமாக வாசிக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது. அம்மாதான் ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தாள். ஒரு தடவை மழை, ஒரு தடவை தலைவலி. இந்தத் தடவை அண்ணன். வேறு ஆம்ப் இரவல் வாங்கலாம் என்றால், "அதுல என் சத்தம் வராது" என்றாள். இன்றைக்கும் போகாவிட்டால் அம்மா இனிப் போகவே மாட்டாள். அது மகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அஞ்சு மணி வரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதம்மா."

உள்ளிருந்த தகரச் சட்டத்தைக் கழற்றி, ஸ்பீக்கர் பெட்டியின் தலைமேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். இணைப்புகள் எல்லாம் கண்ணுக்கு நேராக வந்தன. மின்சாரத்தைப் போட்டாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மின்சாரம் ஓடும்போது இரண்டு கையையும் உள்ளே விடுவதில்லை என்பது ஆம்ப் பழுதுபார்க்கும் தொழிலில் அவள் வைத்திருந்த பிடிவாதம். வலது கையில் காய்ந்த மரக்கரண்டி. அதன் காம்பால் இணைப்புகளைத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு முனகல்கூட இல்லை.

அம்மா கம்பிகளை மெல்ல வருடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் மகளுக்குப் பொறி தட்டியது. நேற்று ஒத்திகையில் இடி போட்ட போடில் தரையே அதிர்ந்தது. இங்கே அதிர்வு ஏது?

"அம்மா, தடிக்கம்பியை ஓங்கி அடி. அடிச்சுக்கிட்டே இரு."

"கை வலிக்கும்."

"அடிக்கலாம்னு டாக்டர் சொன்னாரே?"

"அவரு சொல்லுவாரு. கை அவரோடதா?" என்றாலும் அம்மா ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதுக்குப் பேரு அடியா? பூனையைத் தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கு."

அம்மாவின் மூக்கு சிவந்தது. ஓங்கி அடித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது அடியில் அண்ணன் வாயைத் திறந்தான். படபட, படபட.

"நிறுத்தாதே!"

மரக்கரண்டி இணைப்பு இணைப்பாகப் போய் நின்றது. எதை அழுத்தினாலும் பொரிதல் நிற்கவில்லை. மிச்சமிருந்தவை சிவப்புப் புள்ளி வைத்தவைதான். தான் ஈயம் பற்றவைத்த இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது அவள் வழக்கம். புள்ளி இருந்தால் அது சரியாக இருக்கிறது, பார்க்கவேண்டியதில்லை என்று அர்த்தம். காலையிலிருந்து அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் போயிருந்தாள்.

முதல் புள்ளியை அழுத்தினாள். சத்தம் சுத்தமானது. எடுத்தாள். மறுபடி படபட.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தாள். பூச்சைச் சுரண்டியதும் உள்ளே ஈயம் பளபளப்பில்லாமல், சாம்பல் பூத்துத் திப்பிதிப்பியாக இருந்தது. சரியாகச் சூடேறாமல் வைத்த ஈயம்.

"எந்தக் கடங்காரன் பத்தவச்சது?" அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நான்தான். பத்தொம்பது வயசுல. என் முதல் வேலை."

"அடிப்பாவி! அன்னைக்கு ஊர் பூரா போன் போட்டுப் பீத்திக்கிட்டேனே!"

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். இணைப்புக் கம்பியை நன்றாகச் சூடாக்கி, புதிய ஈயம் தானாக உருகி ஓடும்வரை பொறுத்திருந்தாள். நகப்பூச்சு பாட்டிலை எடுத்தவள், திறக்காமலே மேசை டிராயரில் போட்டாள். மிச்சமிருந்த புள்ளிகளையும் சுரண்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். நாலேகாலுக்கு ஆம்ப் மறுபடி சூடேறியது.

இந்தத் தடவை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஓங்கி அடித்தாள். நாலு அடி, எட்டு அடி, அப்படியே ஒரு பாட்டுக்குள் இறங்கிவிட்டாள். ஜன்னல் அதிர்ந்தது, அண்ணன் பொரியவில்லை. பாட்டு முடிந்ததும் மணிக்கட்டை உதறி, அது வேறு யாருடையதோ என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன் அடித்தது. இடி.

"என்னக்கா, ஆம்ப் என்னாச்சு? வர்றீங்களா இல்லையா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஈயப்புகை படிந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"வரேன். ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வாப்பா. மூத்தவன் கனமா இருக்கான்."